நீல நூலில் ஒரு சக்கரம்

டிசம்பர் 3, ஞாயிறு

முன்னாள் ராணுவத்தினர் சங்கச் செயலாளர் ஏகாம்பரம் அண்ணன் இந்த நோட்டைக் கொடுத்தார். தினமும் எவ்வளவு வேலை முடிந்தது என்று எழுதி வைக்க வேண்டுமாம். கடைசியில் ரிப்போர்ட் மாதிரி சங்கத்தில் படிப்பார்களாம். பட்டாளத்தில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர். எதையும் எழுத்தில் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

வேலை இதுதான். ஜனவரி 26 அன்று எங்கள் கரடிக்குப்பத்தில் ரிட்டயர் ஆன பட்டாளத்துக்காரர்கள் இருபத்துநாலு பேருக்கும் கையால் தைத்த போர்வை போர்த்தி மரியாதை செய்யப் போகிறார்கள். மேல் பக்கம் காவி, வெள்ளை, பச்சை. அடிப்பக்கம் அவரவர் போட்டிருந்த யூனிபாரம் சட்டையை வெட்டி ஒட்டுப்போடணும். நடுவில் மெத்தென்று இருக்கப் பழைய காட்டன் புடவை. ஓரத்தில் பெயரும் நம்பரும் நூலில் வர வேண்டும்.

தைப்பது நானும் எதிர்வீட்டு அம்சவேணியும், அவள் வீட்டில் வைத்து. அவள் வீட்டுக்காரரும் பட்டாளம்தான். எங்கள் ஊரில் பட்டாளம் போகாத வீட்டுக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். லிஸ்டில் பதினேழாவது பெயர் என் வீட்டுக்காரருடையது, ஹவில்தார் தசரதன்.

இன்று துணி வெட்டியதோடு சரி.

டிசம்பர் 6, புதன்

ஏழு வீட்டுச் சட்டை வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் அந்துருண்டை வாசம். ஒருவர் சட்டைப் பையில் கட்டு பிரிக்காத பீடி இருந்தது. அதையும் சேர்த்தே தைத்துவிடலாமா என்று அம்சவேணி கேட்டாள். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மூன்று நிறத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஏதோ கட்சிக்காரர் தோளில் போடும் துண்டு மாதிரி இருந்தது. நடுவில் நீல நூலில் சக்கரம் போடலாம் என்று நான்தான் சொன்னேன். ஏகாம்பரம் அண்ணனுக்குப் பிடித்துவிட்டது. சாயந்தரமே சைக்கிளில் போய் நீல நூல் ஒரு டப்பா வாங்கிவந்தார்.

கத்தரிக்கோலை எங்கள் வீட்டிலிருந்துதான் கொண்டுபோகிறேன். காலையில் இவரிடம் கேட்டு வாங்கிப் போகணும். சாயந்தரம் ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுக்கணும். அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். வெளியே இருந்தால் துரு ஏறுமாம். முப்பது வருஷமாக வெளியே கிடந்த கத்தரிக்கு இப்போதுதான் துரு ஏறப் போகிறது.

டிசம்பர் 10, ஞாயிறு

இரண்டு போர்வை முடிந்தது.

ஏகாம்பரம் அண்ணன் பார்க்க வந்தார். ஒரு வாரமாக மனசுக்குள் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அண்ணா, இருபத்தஞ்சாவதா ஒண்ணு தைச்சிக்கிறேன். துணி எங்க வூட்டு செலவு. லோகு பேர்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது ரிட்டயர் ஆனவங்களுக்கும்மா."

"செத்துப்போனவங்க ரெண்டு பேர் லிஸ்ட்ல கீறாங்களே. பொண்டாட்டிங்க வந்து வாங்கிக்கப் போறாங்க."

"அவங்க வேற, பூங்காவனம். உனக்குத் தெரியாததா."

தெரியும். லோகநாதன் எங்கள் ஒரே பிள்ளை. சேர்ந்து மூணாவது வருஷம், போன பிப்ரவரி பதினொண்ணாம் தேதி, முகாமிலேயே தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான். வயசு இருபத்துநாலு. அப்படிப் போனவனுக்குக் கொடி போர்த்துவதில்லை, குண்டு முழங்குவதில்லை என்றார்கள். பெட்டி வெறும் பெட்டியாக வந்தது. தெருவே எங்கள் வாசலில் நின்றது. கொடி எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. யாராவது கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

கல்யாணம் ஆகாதவன் என்பதால் எரிக்காமல் ஏரிக்கரைச் சுடுகாட்டில் புதைத்தோம். இவர் அன்று மண் தள்ளியதோடு சரி, அந்தப் பக்கம் அப்புறம் போகவே இல்லை. அவன் பெயரையும் சொல்வதில்லை.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அவன் பெயர் ஒரு துணியில் வரணும். அந்தத் துணி ஒரு தடவையாவது அவன்மேல் கிடக்கணும்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் நோட்டைக் கொடுக்கணும்.

டிசம்பர் 11

ஒரு சக்கரம் போட ஒன்றரை மணி நேரம் ஆகிறது.

டிசம்பர் 19, செவ்வாய்

ஐந்து முடிந்து ஆறாவது நடக்கிறது.

எல்லார் வீட்டுச் சட்டையும் வந்துவிட்டது, எங்கள் வீட்டுச் சட்டையைத் தவிர. நானும் நாலு தடவை கேட்டுவிட்டேன். "தரேன், தரேன்" என்பார். இன்று காலை காகிதத்தில் சுற்றி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

பிரித்தேன். இலை இலையாக அச்சடித்த புள்ளிச் சட்டை. மற்றவர்கள் கொடுத்ததெல்லாம் வெறும் பச்சை. இவர் ரிட்டயர் ஆகும்போது புள்ளிச் சட்டை வந்திருக்கலாம். இடுப்பு சின்னதாக இருந்தது. அப்போது ஒல்லியாக இருந்திருப்பார். பெயர்ப்பட்டை பிய்த்து எடுக்கப்பட்டிருந்தது.

அம்சவேணி சட்டையையும் என்னையும் பார்த்தாள். "நான் வெட்றேங்கா, குடு" என்றாள்.

நானே வெட்டிக்கொள்கிறேன் என்று சொன்னேன். நானே வெட்டினேன்.

டிசம்பர் 24

கிணற்றடிக்குப் போனால் பின்னாலேயே வருகிறார். துணி துவைக்கிறவரைக்கும் தென்னை மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். முட்டி வலிக்காரருக்கு அந்த மேட்டில் என்ன வேலை என்று கேட்டேன். காற்று வருகிறதாம். எனக்குத் தூக்க மாத்திரையும் இவர் கையாலேதான், தினம் ஒன்று எண்ணிக் கொடுக்கிறார், விழுங்குகிறவரைக்கும் நிற்கிறார். ஐம்பத்துமூணு வயசில் எனக்குக் காவலுக்கு ஒரு சென்ட்ரி.

எட்டு முடிந்தது.

ஜனவரி 1

பதிமூணு. அம்சவேணி கேசரி கொடுத்தனுப்பினாள். எடுத்து மூடி வைத்தேன்.

ஜனவரி 5, வெள்ளி

பதினேழாவது போர்வைக்கு இன்று சக்கரம் போட்டேன். இவர் பெயருக்கு உள்ளது என்பதால் வீட்டுக்கே எடுத்துவந்து போட்டேன். இவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சக்கரத்துக்கு ஆரம் இருபத்துநாலு. பத்தொன்பதாவது ஆரத்தில் நூல் தீர்ந்தது. அவரே எழுந்துபோய் நூல் கண்டு எடுத்துவந்தார், ஊசியில் கோத்தும் கொடுத்தார். நாலு தடவை தவறியது. நான் கேட்டு வாங்கவில்லை, அவராகக் கோக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"நல்லா கீதா?" என்று கேட்டேன்.

"ம்" என்றார். மீதி நூலைக் கண்டில் சுற்றி வைத்தார்.

பெயர் மட்டும் பாக்கி. ஓரத்தில் என்ன பெயர் போடுவது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. காலியாக விட்டிருக்கிறேன்.

ஜனவரி 15, திங்கள்

ஊரெல்லாம் பொங்கல். எங்களுக்கு வருஷம் திரும்பாததால் இல்லை. பகல் பூராவும் தைத்தேன். இருபத்திரண்டு.

ஜனவரி 18, வியாழன்

முடிந்தது, பதினேழாவதில் பெயர் ஒன்றைத் தவிர. இருபத்துநாலும் சங்கத்துக் கூடத்தில் பெஞ்சுமேல் அடுக்கியிருக்கிறது. அம்சவேணி கற்பூரம் ஏற்றிச் சுற்றினாள். தீப்பொறி பட்டுத் தொலைக்கப் போகிறது என்று திட்டினேன். ஆனால் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஜனவரி 20, சனி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

விழாவுக்குத் தலைமை தாங்குகிற ரிட்டயர்டு கர்னல் இன்று ஏற்பாடுகளைப் பார்க்க வந்தார். எண்பது வயசு இருக்கும், மரியாதையான மனுஷர். மேலே இருந்த போர்வையை இரண்டு கையாலும் எடுத்து விரித்தார். தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக மடித்துப் பழையபடி வைத்தார்.

"யார் தைச்சது?"

"நாங்கதாங்க" என்றாள் அம்சவேணி, பல்லெல்லாம் தெரிய.

"ரொம்ப நல்லா தைச்சிருக்கீங்கம்மா. ஆனா இதைக் கொடுக்க முடியாது. மூணு கலர் இருக்கலாம். சக்கரம் வந்துட்டா அது கொடி. கொடியை விரிச்சுப் படுக்கக் கூடாது, போர்த்திக்கக் கூடாது, துவைச்சுக் காயப்போடக் கூடாது. ஒரு ஆள்மேல கொடியைப் போர்த்துற இடம் ஒண்ணே ஒண்ணுதான்."

அந்த இடம் எது என்று அவர் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கூடத்தில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள்.

ஏகாம்பரம் அண்ணன் முகம் செத்துவிட்டது. "நூல் வாங்கிக்குடுத்ததே நான்தாங்க ஐயா. அழகா இருந்துது. தோணவே இல்ல. இருபத்தெட்டு வருஷம் சலாம் அடிச்ச கொடி, தோணவே இல்ல" என்று அதையே மூன்று தடவை சொன்னார்.

உயிரோடு இருக்கிற இருபத்திரண்டு பேருக்குப் பெட்டிமேல் போர்த்துகிற துணியைத் தைத்து வைத்திருக்கிறேன். என் பிள்ளை பெட்டிக்கு மட்டும் அது இல்லை.

ஆறு நாளைக்குள் எல்லாச் சக்கரத்தையும் பிரிக்கணும்.

ஜனவரி 21, ஞாயிறு

காலையில் கத்தரி கேட்கும்போது இவரிடம் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சிதானே இருந்துது?"

"ம்."

"அன்னிக்கி எதிர குந்திப் பாத்துகினு இருந்தீங்களே. ஒரு வார்த்தை சொன்னா இன்னா? ஊசியில நூல் வேற கோத்துக் குடுத்தீங்க."

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பே. உன் கையி சும்மா இருந்தா..." என்று ஆரம்பித்து, அதோடு நிறுத்திவிட்டு அலமாரியைத் திறந்து கத்தரியை எடுத்துக் கொடுத்தார்.

என் கை சும்மா இருந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. என்ன என்று எனக்கும் தெரியும். அதை இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

இன்று நாலு சக்கரம் பிரித்தோம்.

ஜனவரி 23

பிரிப்பது தைப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. சின்னச் சின்ன தையல். துணி கிழியாமல் ஒவ்வொன்றாக வெட்டி இழுக்க வேண்டும். நூலை எடுத்துவிட்டாலும் ஊசி போன ஓட்டை போகவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் சக்கரம் அப்படியே தெரிகிறது. தண்ணீர் தெளித்து நகத்தால் தேய்த்துத் தேய்த்து மூடுகிறோம். அம்சவேணிக்கு விரல் நுனியெல்லாம் புண்.

"விடுக்கா, கிட்ட வந்து பாத்தாத்தான் தெரியும்" என்கிறாள்.

போர்த்திக்கொள்கிறவர் கிட்டத்தில்தானே இருப்பார்.

ஜனவரி 24, புதன்

இருபத்துமூணுதான் இருக்கிறது. பதினேழாவதைக் காணோம். அம்சவேணியிடம் கத்தினேன். பாவம், அவள் பீரோவைக் கவிழ்த்துக் காட்டினாள். வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர், "எனக்கு வேணாம். லிஸ்ட்ல என் பேரை அடிக்கச் சொல்லிட்டேன்" என்றார்.

போர்வை எங்கே என்று கேட்டேன். மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார்.

ஜனவரி 26, வெள்ளி

காலையில் கொடியேற்றம், பிள்ளைகள் பாட்டு, கர்னல் பேச்சு. ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். இருபத்துமூணு பேருக்குத்தான். ஒவ்வொருவரும் மேடையேறி, முதுகை நிமிர்த்தி நின்று, போர்வை தோளில் விழுந்ததும் யூனிபாரம் துணி இருக்கிற பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். அம்சவேணியின் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி அழுதார். நன்றாக நடந்தது என்று எழுதணும். நன்றாகத்தான் நடந்தது.

எனக்கும் அம்சவேணிக்கும் ஆளுக்கு ஒரு சில்வர் குடம் கொடுத்தார்கள். குடத்தோடு இறங்கும்போது அம்சவேணி காதில் சொன்னாள்: "அண்ணன் ஏரிக்கரைப் பக்கம் ஒரு பையை எட்துகினு போனாராம்."

குடத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தேன்.

பதினொரு மாசத்துக்கு அப்புறம் அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். மண்மேட்டின்மேல் பதினேழாவது போர்வை விரித்திருந்தது, சக்கரம் பிரிக்காமல். காவி தலைமாட்டில். புள்ளிச் சட்டைத் துணி கீழே, அவன் பக்கம். நாலு மூலைக்கும் நாலு கல்.

"போர்த்துற இடம் இதானே" என்றார்.

நான் உட்கார்ந்தேன். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். நான் காலியாக விட்டிருந்த இடத்தில் நீல நூலில் "லோகு" என்று இருந்தது. எழுத்து ஒன்று மேலே போயிருந்தது, ஒன்று கீழே. ஊசி பிடித்து அவருக்குப் பழக்கமில்லை.

"அந்தச் சட்டை என்னுது இல்ல" என்றார்.

"தெரியும். வெட்டும்போதே தெரியும்."

அவர் கால் இரண்டையும் சேர்த்து நிமிர்ந்து நின்றார். வலது கை எழுந்தது. தோள் வரைக்கும் வந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு இறங்கிவிட்டது. இன்னொரு தடவை முயற்சி பண்ணினார். அப்போதும் அதற்குமேல் போகவில்லை.

இனி எதற்கு மறைக்கணும் என்று தோன்றிவிட்டது. சொன்னேன்.

"அவன் போறதுக்கு மொத நாள் எனக்கு போன் பண்ணான். அம்மா, என்னால முடியல, வந்துடட்டுமான்னு கேட்டான். உங்கப்பா இருபத்துநாலு வருஷம் இருந்தாரு, நீ மூணு வருஷத்துல வந்தா ஊர் சிரிக்கும்னு சொன்னேன். சொல்லிட்டு, சாப்ட்டியான்னு கேட்டேன்."

அவர் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் பண்ணான்" என்றார். "உனக்குப் பண்ணதுக்கு அப்புறம். நீ சொன்னதைத்தான் நானும் சொன்னேன். நான் சாப்ட்டியான்னுகூடக் கேக்கல."

யாரும் யாரையும் தேற்றவில்லை. வெயில் ஏறியதும் திரும்பி நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால்.

ஜனவரி 29

ஏகாம்பரம் அண்ணன் நோட்டைக் கேட்டு வந்தார். இன்னும் கணக்கு எழுதி முடிக்கவில்லை என்றேன். போகிறபோது வாசலில் நின்று, "ஏரிக்கரையில பாத்தேன்மா. நான் ஒண்ணும் பாக்கல" என்றார். அவருக்கு நான் ஒரு காப்பிகூடக் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 3, சனி

காலையில் அவன் மண்மேட்டில் பால் ஊற்றப் போனோம். போர்வை இல்லை. நாலு கல்லும் போட்ட இடத்திலேயே இருந்தது. ஆடு மாடு இழுத்திருந்தால் கல் புரண்டிருக்கும். யாரோ ஒவ்வொரு கல்லாகத் தூக்கி, போர்வையை எடுத்துக்கொண்டு, திரும்ப வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கொடியை அங்கே போடக் கூடாது என்று ஒருத்தர் எடுத்திருக்கலாம். குளிருக்கு ஒருத்தன் எடுத்திருக்கலாம். எப்படியும் எட்டு நாள் கிடந்தது. எட்டு நாளும் பனி.

திரும்ப ஒன்று தைக்கலாம் என்றேன்.

"அந்தச் சட்டைதான் ஒண்ணே ஒண்ணு இருந்துது" என்றார்.

ஊர் முழுக்க மற்ற இருபத்துமூணு போர்வையும் துணிக்கொடியில் காய்கிறது. கண்ணில் படாமல் தெருவில் நடக்க முடியவில்லை.

பிப்ரவரி 7

வேலை ஒன்றுமில்லை. ஒரே பகலில் மூன்று தடவை கிணற்றடிக்குப் போனேன். மூன்று தடவையும் வந்தார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்றோடு ஒரு வருஷம். ஐயர் வந்தார், எள்ளும் தண்ணீரும் விட்டோம், காக்காய்க்குச் சோறு வைத்தோம். காக்காய் வந்தது, தின்றது, போனது. அம்சவேணி வந்து பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இவர் அலமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. அவருடைய யூனிபாரம் சட்டையை எடுத்துவந்தார். வெறும் பச்சை, ரிட்டயர் ஆன அன்று கழற்றியது. ஹவில்தார் பட்டை மூணும் சட்டைக் கையில் அப்படியே இருந்தது. அதை என் மடியில் வைத்தார். மேலே கத்தரியை வைத்தார்.

"பிரி" என்றார். "தையல் எல்லாத்தையும்."

"பிரிச்சி?"

"திரும்பத் தை."

"தைச்சி?"

அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"திரும்பப் பிரி" என்றார்.

இடது கையிலிருந்து ஆரம்பித்தேன். பட்டாளத்துத் தையல், லேசில் விடவில்லை. பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கை முழுக்கப் பிரித்து முடித்தபோது மணி ஆறு. கத்தரியைக் கேட்டார். கொடுத்தேன்.